எந்த வீட்டுல இருக்கே?

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் நாத்தனார் நம்பவில்லை. "தூக்கமில்லாம கெடந்தா சுவர்கூடப் பேசும்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கமில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பல் டாக்டர் பெண்ணுக்கு என்ன வந்தது? அவள் நன்றாகத் தூங்குகிறவள். என் கணவரை அவள் உயிரோடு பார்த்ததே இல்லை. அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, நாங்கள் காலி செய்த வீட்டுக்குக் குடிவந்தவள். அவள் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

நான் மூட்டை கட்டுகிறவள். ஆபீஸில் அதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். விஷயம் இவ்வளவுதான்: மற்றவர்கள் எழுதும் மென்பொருளை, அதற்குத் தேவையான தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்துக் கட்டி, எந்தக் கணினியில் பிரித்தாலும் ஓடும்படி அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரரும் அதே ஆபீஸ். அவர் எழுதுவார், நான் கட்டுவேன். "நான் சமைக்கிறேன், நீ டிபன் பாக்ஸ்ல போடற" என்று கிண்டல் செய்வார். வீட்டில் சமைத்தது யார் என்பது வேறு கதை.

எங்கள் தொழிலில் பாதி நாள் பஞ்சாயத்திலேயே போய்விடும். பைத்தான் என்று ஒரு கணினி மொழி. அவர் அதை மலைப்பாம்பு என்றுதான் சொல்வார். அது அவ்வப்போது சட்டை உரிக்கும், புதுப் பதிப்பு வரும். பழைய பதிப்பில் ஓடியது புதியதில் ஓடாது. ஒரு மூட்டை பழசைக் கேட்கும், பக்கத்து மூட்டை புதுசைக் கேட்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரு அடுப்படியில் மாமியாரும் மருமகளும் நின்ற கதைதான். அதற்கு ஒரே மருந்து தனிக்குடித்தனம். கணினிக்குள்ளேயே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி, அதற்குப் பிடித்த பதிப்பை அங்கே குடிவைத்துவிட வேண்டும். அந்த இடத்துக்கு 'வீடு' என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். ஆபீஸ் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் எல்லாரும் செய்கிற முட்டாள்தனம் ஒன்று உண்டு. பழைய வீட்டுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு புது வீட்டில் உட்கார்ந்து கட்டளை அடித்துக்கொண்டிருப்போம். திரையில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் வீட்டின் பெயர் இருக்கும். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? அடித்ததையே திரும்பத் திரும்ப அடித்து, வந்த எர்ரரே திரும்பத் திரும்ப வர, தலையைப் பிய்த்துக்கொள்வோம். அப்போது என் வீட்டுக்காரர் தன் இடத்தில் இருந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்.

"எந்த வீட்டுல இருக்கே?"

பெரும்பாலும் அதுதான் நோயாக இருக்கும். நாங்களும் பார்க்காமலேயே "பழைய வீட்டுலதான்" என்போம். பார்த்தால் அங்கே இருக்க மாட்டோம்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் முழுக்க அவர் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்தார். அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதினார். நாம் எழுத்தில் அடித்தால் அது அவர் குரலில் பேசும். ஆபரேஷன் முடிந்து கழுத்தில் துளையோடு வீட்டுக்கு வந்த அன்று, மடிக்கணினியைத் திறந்து முதன்முதலாகப் பேசினார்: "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னாங்க. எனக்கு ஸ்பீக்கர் இருக்கு." நான் சிரித்தேன். சமையலறைக்குப் போய் அழுதேன். அப்போதெல்லாம் எனக்கு அழ வந்தது.

அந்தத் துளைக்கு மேல் ஒரு சாம்பல் நிறத் துணியைக் கட்டிக்கொள்வார். மூச்சு அது வழியாகத்தான் போகும், வரும். லேசாக ஒரு விசில் சத்தம் கேட்கும். ஸ்ஸ்ஃ... ஸ்ஸ்ஃ... வேகமாக நடந்தாலும் மாடிப்படி ஏறினாலும் அந்தச் சத்தம் கூடிவிடும். அவர் வருகிறார் என்பதை எங்கள் மகள் குட்டி அந்த விசிலை வைத்தே சொல்லிவிடுவாள். இந்தச் சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியைத் தூங்க வைப்பது அவர் வேலை. தினமும் அவளது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே நான்கு துண்டுகளை அடிப்பார். ஸ்பீக்கர் சொல்லும்: "கதவு பூட்டியாச்சு. லைட்டு அணைச்சாச்சு. அப்பா இருக்கேன். தூங்கு." அவள் தூங்கிவிடுவாள். எனக்கே சில நாள் அதைக் கேட்டுத்தான் கண் சொருகும்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் அவரும் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் உதட்டைக் கடித்தால்கூடத் தெரியாதே, அப்படி இருந்தது. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். பத்தாம் நாளே ஆபீஸ் போனேன். பழைய வீட்டின் வாடகை ஒப்பந்தம் முடிந்ததும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லி, ஊரின் இன்னொரு கோடியில் இந்த மூன்றாவது மாடிக்கு வந்தோம். தினமும் ராத்திரி அவர் மடிக்கணினியைத் திறந்து அந்த நான்கு துண்டுகளை நானே அடிப்பேன். அவர் குரல் சொல்லும். குட்டி தூங்குவாள். அப்பா செத்துப்போய்விட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அப்பா சொல்லாமல் தூங்க முடியாது.

வீடு மாறி ஒரு மாதம் ஆகியிருக்கும். மடிக்கணினி திறக்கவில்லை. கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போர்டு போச்சும்மா. உள்ள இருக்கறதைக் காப்பி பண்ணித் தரேன்" என்றார். ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

அன்று முதல் குட்டி தூங்கவில்லை.

நான் சொல்லிப் பார்த்தேன். கதவு பூட்டியாச்சு, லைட்டு அணைச்சாச்சு... "நீ சொன்னா கணக்கில்லம்மா" என்றாள். ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் விழுந்துவிடுவாள். ஐந்தாம் நாள் படியில் தலைசுற்றி உருண்டு, நெற்றியில் தையல் போட்டார்கள். அவளது டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல என்னதாங்க நடக்குது?" என்று கேட்டார். நாத்தனார் வேறு, "ஒரு தடவை ஃபோன்ல பதிஞ்சு வச்சிருக்கலாம்ல?" என்றார். தினமும் வருகிற குரலை யார் பதிந்து வைப்பார்கள்?

அன்று சாயந்திரம் புது மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். எப்படியாவது அன்று ராத்திரிக்குள் அந்தக் குரல் பேசியாக வேண்டும். மணி ஆறரை. குட்டி உள் அறைக் கட்டிலில் படுத்திருந்தாள், கதவு திறந்திருந்தது. அவளுடைய கால் எனக்குத் தெரிந்தது.

அவர் எழுதிய புரோகிராமை இணையத்தில் அவர் சேமித்து வைத்த இடத்திலிருந்து இறக்கினேன். குரல் கோப்பு மட்டும் பென் டிரைவில். அது பெரிது, கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பையிலேயே விட்டிருந்தேன். முதலில் 'புது வீடு' என்று ஒன்று கட்டினேன். புது மடிக்கணினியில் இருந்த பைத்தான் 3.12. அவர் எழுதியது 3.7-இல். 3.7-தானே பெரிது என்று பள்ளிக்கூடக் கணக்குப் போடாதீர்கள். இங்கே ஏழுக்கு அப்புறம்தான் பன்னிரண்டு. நடுவில் பல வருஷம் ஓடிவிட்டது.

எதிர்பார்த்தபடியே சிவப்பு எழுத்தில் எர்ரர். 'இந்த மூட்டைக்கு 3.8-க்குக் கீழே வேண்டும். உங்களிடம் இருப்பது 3.12.'

சரி என்று 3.7-ஐத் தேடிப்பிடித்து இறக்கி, 'பழைய வீடு' என்று இன்னொன்று கட்டினேன். மறுபடி நிறுவச் சொன்னேன்.

அதே எர்ரர்.

மறுபடி அடித்தேன். அதே எர்ரர். வரிக்கு வரி அதே. 3.7 இருக்கிறதா என்று தேடினேன், இருந்தது. இணைய இணைப்பை அணைத்துப் போட்டேன். அதே எர்ரர்தான். மற்ற நாளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்திருப்பேன். ஊருக்கெல்லாம் மூட்டை கட்டுகிறவள் நான். அன்று மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை. வலிக்கவும் இல்லை. விரல் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா, ஆச்சா?"

"இரு குட்டி."

மணி 7:52. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடைசி எர்ரரின் ஓரத்தில் நேரம் பதிவாகியிருந்தது.

மேஜையில் அவருடைய பழைய ஸ்பீக்கர்கள் இருந்தன. பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் போடும். டொக்.

அது கேட்டது.

டொக்.

அப்புறம்... ஸ்ஸ்ஃ...

"எந்த வீட்டுல இருக்கே?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்து வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொன்னது.

"பழைய வீட்டுலதாங்க."

சொன்ன பிறகுதான்... கை நின்றது.

ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை.

உள்ளே குட்டி எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா. அப்பா உன்னத்தான கேட்டாரு?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

நான் மெதுவாகத் திரையைப் பார்த்தேன். வரியின் முன்னால், அடைப்புக்குறிக்குள், வீட்டின் பெயர்.

புது வீடு.

இவ்வளவு நேரமும் நான் புது வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். பழைய வீட்டைக் கட்டினேன், உள்ளே போகவே இல்லை.

புரோகிராமில் ஏதாவது சோதனை வாக்கியம் இருக்கும், அது ஓடிவிட்டது என்று நினைத்தேன். அப்படித்தானே நினைக்க முடியும்? புரோகிராம்தான் இன்னும் ஏறவே இல்லையே என்பது அடுத்த நொடி உறைத்தது. எழுந்து போய்க் கைப்பையைத் திறந்தேன். பென் டிரைவ் கடைக்காரர் கொடுத்த கவருக்குள் அப்படியே இருந்தது. கவரைப் பிரிக்கவே இல்லை. அந்த மடிக்கணினிக்குள் அவர் குரல் ஒரு துளிகூட இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அவர் குரலைப் பதிந்தது ஆபரேஷனுக்கு முன்னால். அந்த விசில் மூச்சு... ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது. பதிவில் அது கிடையாது.

நீங்களாக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருப்பீர்கள். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் எங்கேயோ தூரத்தில், அடுத்த தெருவில் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. பிள்ளை தூங்க வேண்டும். அது மட்டும்தான் மண்டையில் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பழைய வீட்டுக்குள் போனேன். பெயர் மாறியதைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். நிறுவச் சொன்னேன்.

ஒன்றொன்றாக ஏறியது. ஒரே ஒரு மூட்டை முரண்டு பிடித்தது, அதற்கு அவர் குறித்திருந்த பதிப்பு எண்ணையே கொடுத்ததும் அதுவும் அடங்கியது. பென் டிரைவைச் செருகிக் குரல் கோப்பை ஏற்றினேன்.

மணி 8:40. எழுத்தில் அடித்தேன். கதவு பூட்டியாச்சு. லைட்டு அணைச்சாச்சு. அப்பா இருக்கேன். தூங்கு.

டொக்.

ஸ்ஸ்ஃ ஸ்ஸ்ஃ ஸ்ஸ்ஃ...

வேகமாக. நடந்து வருகிறவர் மாதிரி. தூரம் நடந்து, மூச்சு வாங்கி...

"கதவு பூட்டியாச்சு."

ஸ்ஸ்ஃ...

"லைட்டு அணைச்சாச்சு."

ஸ்ஸ்ஃ...

"அப்பா வரேன்."

ஸ்ஸ்ஃ...

"தூங்கு."

நான் அசையவில்லை.

திரையைப் பார்த்தேன்.

'அப்பா இருக்கேன்.'

அதைத்தான் அடித்திருக்கிறேன்.

"அப்பா வராராம்மா" என்றாள் குட்டி. குரலில் அவ்வளவு நிம்மதி. சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஐந்து நாள் தூங்காத குழந்தை, நான் எழுந்து போவதற்குள் தூங்கிவிட்டாள்.

சத்தத்தைக் குறைத்து இன்னொரு தடவை ஓட்டினேன். விசில் இல்லை. "அப்பா இருக்கேன்" என்றது. இன்னும் ஒரு தடவை ஓட்டினேன். "அப்பா இருக்கேன்." மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அந்த ஒரே தடவைதான் ஒரு சொல் மாறியது. ஏன் என்று அந்தப் புரோகிராமை வரி வரியாகப் படித்துவிட்டேன். என் தொழிலே அதுதான். ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நாத்தனார் சொன்னதை நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஃபோன் வந்தது. பல் டாக்டர். தபால் ஏதாவது வந்தால் அனுப்பிவிடட்டும் என்று சாவி கொடுத்த அன்று அவளிடம் எங்கள் புது விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஏதோ தபால் என்று நினைத்தேன்.

"அக்கா, நேத்து உங்களத் தேடி ஒருத்தர் வந்தாரு. வந்து சேர்ந்துட்டாரா?"

"யாரு?"

"பேரு தெரியலக்கா. பேச்சு வரல அவருக்கு. தொண்டையில ஆபரேஷன் ஆனவரு. கழுத்துல துணி கட்டியிருந்தாரு. பாத்ததுமே தெரிஞ்சுது."

சீப்பைக் கீழே வைத்தேன். "என்ன நிறத் துணி?"

"சாம்பல் கலரு."

"எப்ப வந்தாரு?"

"எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. பெல் அடிக்கல. கைப்பிடியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தாரு, அவர் வீடு மாதிரி. நான்தான் சத்தம் கேட்டுத் தெறந்தேன். என்னப் பாத்ததும் அவருக்குத்தான் தூக்கிவாரிப் போட்டுது. என் தோளுக்கு மேல உள்ள எட்டி எட்டிப் பாத்தாரு."

குட்டிக்குக் கேட்காதபடி ஃபோனோடு வாசல் பக்கம் போனேன்.

"யாருங்கன்னு கேட்டேன். வாய அசைச்சாரு, சத்தம் இல்ல. 'வீட்டுக்காரர்'னு சொல்ற மாதிரி இருந்துது. ஹவுஸ் ஓனரத் தேடறாரோன்னு, 'அவரு மாடியில இருக்காருங்க'ன்னேன். இல்லன்னு தலையாட்டிட்டு, தன் நெஞ்சத் தொட்டுக் காட்டினாரு. எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

எனக்குப் புரிந்தது. நான்தானே சொன்னேன், பழைய வீட்டில் இருக்கிறேன் என்று.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லும்மா."

"அப்புறம் உங்களைத்தான் கேக்கறார்னு எனக்கே தோணுச்சு. அவங்க வீடு மாறிட்டாங்களேன்னேன். பாவமா நின்னாரு. மனசு கேக்கல. உங்க புது விலாசத்த ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டேன். ரொம்ப தூரமாச்சே, ஆட்டோ புடிச்சுத் தரட்டுமான்னேன். வேணாம்னு கையக் காட்டிட்டு நடந்தே போயிட்டாரு."

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவருதான? நான் குடுத்தது தப்பில்லையேக்கா?"

"தப்பில்லம்மா" என்றேன்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இதுவரை யாரும் வரவில்லை. மாடிப்படியில் இரண்டு தடவை அந்த விசில் கேட்டது மாதிரி இருந்தது, முதல் மாடி வரைக்கும்தான். குட்டி இப்போது நன்றாகத் தூங்குகிறாள், நெற்றியில் தையல் பிரித்தாயிற்று. தினமும் ராத்திரி நான் அடிக்கிறேன், குரல் சொல்கிறது. லைட்டு அணைச்சாச்சு, அப்பா இருக்கேன், தூங்கு.

அதற்கு முன்னால் "கதவு பூட்டியாச்சு" என்றும் சொல்கிறது. குட்டி தூங்கியதும் நான் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்து படுக்கிறேன்.